இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி. இதில் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் அக்கா சொல்லிக் கேட்டது. அக்கா விட்ட இடத்தைச் சந்தனமாரியம்மா சொன்னது. இரண்டு பேரும் சொல்லாததை நானாகச் சேர்க்க மாட்டேன். சேர்த்தால், சேர்த்தேன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? "அந்த உப்பளத்துக் கிட்னி ஆராய்ச்சி டுபாக்கூராமே, கவர்மெண்ட் பணம் வேஸ்டுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே" என்றீர்கள். கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அந்த ஆபீசில் வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கழுத்து அட்டையைப் பார்த்தீர்களா? சரி. அதைப் பைக்குள் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எங்கே வேலை? இரும்புக் கடையா? சரி. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கிறதே என்று பார்த்தேன். கடை வைத்திருப்பவருக்கும் பேனா வேண்டும்தான். சும்மா கேட்டேன்.

இந்த பஸ் ஆத்தூர் போனதும் நான் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லிவிடலாம். ஆய்வு நடத்துகிற கல்லூரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அறுநூற்று நாற்பது பேர். எல்லாரும் உப்பளத்தில் வாரிப் பிழைக்கிறவர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை அவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறோம். பங்குனி வெயிலில் உப்பு வாரும்போது, அளத்திலேயே ஒரு தடவை. கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது ஒரு தடவை. ஒன்பது வருடமாக இப்படி நடக்கிறது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, குடி இல்லை, ஆனாலும் நாற்பது வயதில் கிட்னி போய்விடுகிறது. ஏன் போகிறது என்று தெரிய வேண்டும். இதற்கு மாத்திரைக் கம்பெனி பணம் போடாது, அண்ணாச்சி. ஏனென்றால் முடிவில் மாத்திரை வராது. நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்றுதான் வரும். கக்கூஸ் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வாருகிறார்கள். இதைக் கண்டுபிடித்து யார் எதை விற்கப் போகிறார்கள்? அதனால்தான் அரசாங்கப் பணம். அது நின்றால் எல்லாம் நின்றது.

தங்கபுஷ்பம் அக்கா அந்த ஆய்வில் களப்பணியாளர். வீடு வீடாகவும் அளம் அளமாகவும் போய் ரத்தம் எடுக்கிறது அவர்தான். அதற்கு முன்னால் பதினாறு வருடம் அவரே உப்பு வாரியவர். புருஷன் செல்லத்துரை முப்பத்தொன்பது வயதில் டயாலிசிஸ் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். அக்கா பத்தாவது பாஸ். ஆய்வை நடத்துகிற டாக்டர் நூர்ஜகான் அவரைக் கூப்பிட்டு, ஊசி போடப் பழக்கி, வேலையில் வைத்துக்கொண்டார். அறுநூற்று நாற்பது பேரில் யாருடைய நரம்பு எந்தக் கையில் சட்டென்று கிடைக்கும் என்பது அக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இது மிகை இல்லை. நான் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஓர் உப்புக் கம்பெனியிலிருந்து வெள்ளைக் காரில் இரண்டு பேர் டாக்டரைப் பார்க்க வந்தார்களாம். வேன் தருகிறோம், ரத்தம் வைக்கிற ஃப்ரீசர் தருகிறோம், அரசாங்கத்திடம் ஏன் கையேந்துகிறீர்கள் என்றார்களாம். முடிவை மட்டும் முதலில் எங்களிடம் காட்டுங்கள், வெளியே விடலாமா வேண்டாமா என்று சேர்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்களாம்.

டாக்டர் சொன்னாராம்: "அரசாங்கப் பணத்துல செஞ்சா முடிவு எல்லாருக்கும் சொந்தம் சார். உங்க பணத்துல செஞ்சா உங்க பீரோவுக்குச் சொந்தம்." சொல்லிவிட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார். டீ கொடுத்ததை அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து வெள்ளைக் காரைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு வந்த வாடகைக் காரைக்கூட நம்பர் குறித்து வைத்திருக்கிறார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

போன வருடம் மாசியில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஐந்து வருடத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்று பார்க்க ஆள் வருவார்கள், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பட்டியலிலிருந்து நாற்பது பெயரை அவர்களே எடுத்து நேரில் போய் விசாரிப்பார்கள் என்று அதில் இருந்தது. நல்ல முறைதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, "யாருக்கும் எதையும் சொல்லிக் குடுக்காதீங்க, தங்கபுஷ்பம். உள்ளத உள்ளபடி சொல்லட்டும்" என்றார். அக்காவும் சரி என்று தலையாட்டினார்.

இந்த இடத்திலிருந்து அக்கா என்னிடம் கதை சொல்லும்போது நேராக அந்த ஆட்கள் வந்த நாளுக்குத் தாவிவிடுவார். எல்லாம் அளத்துக் கங்காணி லிங்கத்துரை செய்த வேலை என்பார். நடுவில் ஒரு வாரம் இருக்கிறது. அந்த வாரத்தைச் சந்தனமாரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சந்தனமாரியம்மா நாலாம் நம்பர் அளத்தில் வாருகிறவர். அக்காவுக்கு மதினி முறை, மயினி என்றுதான் கூப்பிடுவார். அந்த வாரத்தில் ஒரு நாள் அக்கா அளத்துக்குப் போய், கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்த பெண்களிடம் சொல்லியிருக்கிறார்:

"ஏ பிள்ளையளா, வெள்ளக் கார்ல எவனோ புது ஆளு சுத்துதானாம். கம்பெனிக்காரனாத்தான் இருக்கும். ரத்தம் எடுத்தாவளா, எத்தன மட்டம் எடுத்தாவன்னு கேட்டா வாயத் தொறந்திராதிங்க. டாக்டரம்மாவுக்கு உல வச்சிருவானுவ."

"யாரு கேட்டாலுமா?" என்று சந்தனமாரியம்மா கேட்டிருக்கிறார்.

"யாரு கேட்டாலுந்தான் மயினி."

டாக்டர் சொன்ன ஆட்கள் வேறு, கம்பெனி ஆட்கள் வேறு என்று அக்கா நினைத்திருக்கலாம். இது நானாகச் சேர்த்தது. அக்கா அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே அவர் எடுப்பதில்லை.

வாயைத் திறக்காமல் இருக்க அந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம், அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. காகிதமும் பேனாவுமாக எந்த ஆள் வரப்பில் வந்தாலும், எத்தனை நாளாக வேலை என்று கேட்டால், "இன்னைக்குத்தான் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேரும் அன்றைக்கே கங்காணி இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். தொடர்ந்து வேலை செய்கிறவர் என்று எழுத்தில் வந்துவிட்டால் சேமநிதி கட்ட வேண்டும், பணிக்கொடை கொடுக்க வேண்டும். இன்றைக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். மாற்றிச் சொன்னவருக்கு மறுநாள் வேலை கிடையாது. தாய் சொன்னதை மகள் சொல்கிறாள். இரண்டு தலைமுறையாக அத்தனை பேரும் அங்கே இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

பங்குனி எட்டாம் தேதி வந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரியவர், அவரோடு எழுதிக்கொள்ள ஓர் அம்மா. வாடகைக் கார். வெள்ளைதான். மரியாதைக்காரர்கள். தனியார் அளம் என்பதால் வாசலில் அனுமதி கேட்டார்கள். கங்காணி லிங்கத்துரை ஓடிவந்து, "வாங்க சார், வெயில்ல நீங்க ஏன் அலையணும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று இளநீர் வெட்டிக் கொடுத்து, குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

முதலில் சந்தனமாரியம்மாவிடம் போனார்கள்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறீங்கம்மா?"

"இன்னைக்குத்தான் சார் வந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி வீட்ல இருந்தேன்."

"டெஸ்டுக்கு ரத்தம் குடுத்திருக்கீங்களா? பட்டியல்ல உங்க பேர் இருக்கே."

"ரத்தமா? எனக்கு ரத்தத்தக் கண்டாலே மயக்கம் வந்திரும் சார்."

சொல்லும்போது முழங்கை மடிப்பில் அக்கா முந்தாநாள் வைத்த பஞ்சும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்ததாம். வாருபலகை பிடித்த கை காய்த்துக் கிடந்தது, உப்பு அரித்த பாதம் வெடித்துக் கிடந்தது. பெரியவர் பாதத்தைப் பார்த்தார். பார்த்தும், எழுதிக்கொள்கிற அம்மாவிடம் "இல்லை" என்றுதான் சொன்னார். வாயால் சொன்னதைத்தானே எழுத முடியும்?

அடுத்தவர் இன்றைக்குத்தான் வந்தார். அதற்கு அடுத்தவரும் இன்றைக்குத்தான். மூட்டை தைக்கிற அய்யாக்குட்டி என்பவர் மட்டும், "நான் நேத்து வந்தேன் சார்" என்றார். பிற்பாடு எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "அத்தன பேரும் இன்னைக்கே வந்தோம்னா அந்த மனுசன் நம்புவானா? அதான் ஒருத்தனாவது நேத்து வந்துவைப்போம்னு பாத்தேன்" என்றாராம்.

அளத்தில் அகப்பட்ட இருபத்தேழு பேரும் மறுத்துவிட்டார்கள். ஒருத்தருக்குக்கூட ரத்தம் எடுக்கவில்லை, ஒருத்தர்கூட அங்கே வேலை செய்கிறவர் இல்லை. அக்கா அந்த நேரத்தில் ஆபீசில் ரத்தக் குழாய்களை எண்ணி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சேதி தெரிந்து, "ஒருத்தியும் வாயத் தொறக்கல்லியாமே" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். இதுவும் சந்தனமாரியம்மா சொன்னதுதான்.

சித்திரையில் அறிக்கை வந்தது. பங்கேற்றதாகச் சொல்லப்படுகிறவர்கள் பங்கேற்கவில்லை, களப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல, நிதி நிறுத்திவைக்கப்படுகிறது, முப்பது நாளில் பதில் வேண்டும். அடுத்த வாரம்தான் நீங்கள் படித்த அந்தப் பேப்பர் செய்தி. அதை யார் கொடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உண்மையச் சொல்லுங்க, தங்கபுஷ்பம். எல்லார்கிட்டயும் போனீங்களா? இல்ல, எங்கயாவது மரத்தடில உக்காந்து எழுதினீங்களா?"

அக்கா எழுந்து வந்து, ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பது வருடம் வெயிலில் அலைந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் டாக்டர் வேறு எதைக் கேட்பார்? எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. அதனாலேயே இரண்டு பேரிடமும் நான் நல்ல பெயர் வாங்கவில்லை.

அப்போதுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் புள்ளியியல் படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா என்னுடைய வேலை ஆணையை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வேலை என்ன தெரியுமா? ஒன்பது வருட எண்களும் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிப்பது. அதாவது, என்னை எடுத்ததே அக்காவைச் சந்தேகப்படத்தான்.

அக்காவுக்கும் அது தெரியும். முதல் நாளே, "நீ என்னத்தத் தோண்ட வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்ட்டி. தோண்டு, தோண்டு" என்று பதிவேடுகளை மேசையில் பொத்தென்று போட்டார். மூன்று வாரம் எனக்குத் தண்ணீர் பாட்டில் இருக்கிற இடத்தைக்கூடக் காட்டவில்லை.

தோண்டினேன். ஒருவர் உட்கார்ந்த இடத்தில் எண்களை இட்டுக்கட்டினால், அவரை அறியாமல் சில எண்கள் அடிக்கடி வரும். கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி வேறு ஒன்று. ஒவ்வொரு பங்குனியிலும், கிட்னியின் கோளாறைக் காட்டுகிற எண் ஏறுகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் இறங்குகிறது, ஆனால் பழைய இடத்துக்கு வருவதில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே தங்கிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. அறுநூற்று நாற்பது பேருக்கும் அறுநூற்று நாற்பது விதம். மரத்தடியில் உட்கார்ந்து அப்படி எழுதக் கடவுளால்தான் முடியும். எண்கள் நிஜம் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு "நல்லது" என்றார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதாக அக்கா சொல்லவில்லை.

என் அறிக்கை போதவில்லை. "பங்கேற்பாளர்களே மறுத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களே வந்து சொல்ல வேண்டும்" என்று பதில் வந்தது. அந்த நாற்பது பேரில் முப்பது பேராவது கல்லூரி அரங்குக்கு வரவேண்டும். எந்த வருடத்திலிருந்து அளத்தில் வேலை, எத்தனை தடவை ரத்தம் கொடுத்தார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வை மூடிவிடலாம். இருபது நாள் தவணை.

இனிமேல் சொல்வது நான் கண்ணால் பார்த்தது.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு சந்தனமாரியம்மா வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாட்டி புஷ்பம். இன்னைக்கு என்ன சொல்லணும்? வந்தேன்னு சொல்லணுமா, வரலன்னு சொல்லணுமா?"

"மயினி..."

"யாரு இந்தப் பிள்ள?"

"எங்க ஆபீசு. கம்ப்யூட்டர்ல கணக்குப் பாக்கா."

"எவன் அனுப்புன ஆளு?"

"எவனும் அனுப்பல. படிச்ச பிள்ள."

"படிச்ச பிள்ளன்னா எவனாவது அனுப்பிருப்பானே." சந்தனமாரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீனுக்குத் திரும்பினார். "எல்லாம் கேள்விப்பட்டேன். பத்தொம்போது வருசம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, மறுநாளு லிங்கத்துரை பலகையப் புடுங்கிட்டு வெளிய தள்ளுவான். ஆராய்ச்சி நின்னா ஒனக்குச் சம்பளம் நிக்கும். வருசத்தச் சொன்னா எனக்குச் சோறு நிக்கும். ஒன் சோத்துக்கு நான் எதுக்குட்டி எஞ்சோத்தக் கொட்டணும்?"

அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"பதினெட்டு மட்டம் எங்கையில ஊசி போட்டிருக்க," என்றார் சந்தனமாரியம்மா. "ஒரு துண்டுச் சீட்டு குடுத்திருக்கியா?"

"நல்லாருக்க, கொறஞ்சிருக்கன்னு சொல்லுவேம்லா மயினி."

"வாயால சொன்ன. வாயால லிங்கத்துரையுந்தான் சொல்லுதான், பொங்கலுக்குச் சேல எடுத்துத் தாரேன்னு. போ, போட்டி."

நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து, ஒன்பது வருடம் முன்பு எல்லாரும் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படித்தேன். எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆறாவது வரியில் இருந்தது: பங்கேற்பவர் கேட்டால் அவருடைய முடிவுகள் எழுத்தில் தரப்படும். ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

டாக்டரிடம் காட்டினேன். அவர் யோசித்தார். "இதை வேற எதுக்காவது கொண்டு போனாங்கன்னா நம்ம மேல பழி வரும்" என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவரே, "படிவத்துல எழுதிக் குடுத்திருக்கோம். குடுத்துத்தான் ஆகணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு ஆளுக்கு ஒரு தாள். பதினெட்டு வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, எடுத்த இடம், கிட்னியின் எண். கீழே கல்லூரி முத்திரை. சந்தனமாரியம்மாவின் தாளை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்ணை நான் விளக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எடுத்த இடம் இருந்த பத்தியில் மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார்.

"வீடு. நாலாம் நம்பர் அளம். வீடு. நாலாம் நம்பர் அளம். வீடு. நாலாம் நம்பர் அளம்..." நிமிர்ந்தார். "ஏம்மா, இது கவர்மெண்ட் முத்திரையா?"

"ஆமாம்மா. அரசு கல்லூரி."

"ஒம்போது வருசமும் பங்குனியில நான் நாலாம் நம்பர்லதான் நின்னேன்னு இதுல இருக்கா?"

"இருக்கும்மா. தேதியோட இருக்கு."

அக்கா வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சந்தனமாரியம்மா அவரைப் பார்த்துக் கத்தினார்: "ஏட்டி புஷ்பம், பாவி மட்ட! இத முன்னாலயே குடுத்தா ஒனக்கு என்ன கேடு வந்திச்சு?"

மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம். நாற்பது பேர் மட்டும் இல்லை, பட்டியலில் உள்ள அத்தனை பேரும். பிரின்டரில் மை தீர்ந்துபோனது. டாக்டர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண் மோசமாக இருந்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் தாளைக் கையிலிருந்து விடவில்லை. இவர்கள் அளத்தில் வேலை செய்தார்கள் என்று சொல்கிற காகிதம் உலகத்திலேயே அது ஒன்றுதான், அண்ணாச்சி. கம்பெனிக்காரர்கள் முடிவை ஏன் முதலில் கேட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. நிரூபிக்க முடியாது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

விசாரணைக்கு முப்பத்துநாலு பேர் வந்தார்கள். தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே டீக்கடையில் லிங்கத்துரை உட்கார்ந்து, யார் யார் உள்ளே போகிறார்கள் என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒளிந்து பிடிக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் பிடித்தார்.

அதே பெரியவர்தான். சந்தனமாரியம்மா தன்னுடைய தாளை அவருக்கு முன்னால் வைத்தார், ஒரு ஓரத்தைப் பிடித்தபடியே.

"எத்தனை வருஷம்மா?"

"பத்தொம்போது."

"அன்னைக்கு இன்னைக்குத்தான் வந்தேன்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதே சார்."

"நாங்க யாருன்னு சொல்லிட்டுத்தானே கேட்டோம்?"

"நீங்க சொன்னிய. ஒங்களுக்குக் கொட பிடிச்சிட்டு நின்னானே, அவன் யாருன்னு நீங்க கேக்கல்லியே."

பெரியவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு மறுபடி திறந்து எழுதினார். அடுத்து வந்த அய்யாக்குட்டி, தன்னைக் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் நேத்து வரல சார், அது பொய்யி. இருவத்தாறு வருசமாச்சு" என்றார். எழுதிக்கொள்கிற அம்மா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

பணம் வந்தது. ஐந்து வருடம் கேட்டோம், இரண்டு வருடத்துக்குக் கொடுத்தார்கள். ஆய்வு நடக்கிறது. ஆகவே டுபாக்கூர் என்று இனி யாராவது சொன்னால், இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்வீர்களா? பேப்பரில் அந்தப் பதில் வரவில்லை. எழுதிப் போட்டோம், வரவில்லை.

ஆனால் மழை முடிந்து இந்தத் தையில் அளம் தொடங்கியபோது பதினோரு பேரை லிங்கத்துரை கூப்பிடவில்லை. எல்லாரும் அவருடைய செல்போன் படத்தில் இருந்தவர்கள். சந்தனமாரியம்மாதான் முதல் ஆள். பதினோரு பேரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அவரவர் வேலை பார்த்த வருடங்களுக்குப் பணிக்கொடையும் திரும்ப வேலையும் கேட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலாம் நம்பர் அளம்னு யார் வேணும்னாலும் டைப் அடிக்கலாம். ரத்தம் எடுத்த ஆள் வந்து சொல்லட்டும்" என்றாராம்.

ரத்தம் எடுத்த ஆள் அக்காதான். வரும் வியாழக்கிழமை சாட்சி சொல்லப் போகிறார். மூன்று நாளாக அளத்து வரிசையையும் தேதியையும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தனமாரியம்மா வந்து எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்கிறார். ஒரு தேதி தப்பினால், "போட்டி, நீயும் ஒன் சாட்சியும்" என்று எழுந்துபோய்விட்டு மறுபடி வருகிறார். ஆபீசே கலகலவென்று இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு தவணை விடாமல் நான்தான் எடுத்தேன் என்று அக்கா சொல்ல வேண்டும். எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது.

படிவங்களில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அது எங்கள் ஆள் போட்டதுதான், இத்தனை வருடமாக எங்களிடம் வேலை பார்க்கிறவர்தான் என்று கல்லூரி எழுதித் தரவேண்டும் என்கிறார் எங்கள் பக்கத்து வக்கீல். அந்தப் பணிச் சான்றை வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். காகித வேலையை நான் ஒழுங்காகச் செய்வேன் என்று ஒரு பெயர் இருக்கிறது.

முக்காணி தாண்டிவிட்டதா? இன்னும் இரண்டு நிமிடம்.

இன்று காலை அலுவலகப் பிரிவில் கேட்டேன். கிளார்க் வாயால் சொன்னதை நான் நம்பவில்லை. கோப்பை வாங்கி நானே இரண்டு தடவை பார்த்தேன். பதினோரு மாதத்துக்கு ஓர் ஆணை, முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி, பிறகு புதிதாகச் சேர்ந்ததாக வேறு ஆணை. புதியது வந்ததும் பழையதை எடுத்துவிடுவார்களாம். கோப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நகல் என் பையில் இருக்கிறது. அக்காவிடம் இன்னும் காட்டவில்லை.

பெயர், செ. தங்கபுஷ்பம். பதவி, தற்காலிகக் களப்பணியாளர். முன் அனுபவம், இல்லை. பணியில் சேர்ந்த நாள், சென்ற ஆண்டு ஜூலை மூன்று.

நான் சேர்ந்தது அதற்கு முந்தைய மே மாதம்.